திரைவழி மஷ்வரா: மௌனம் சம்மதமாகுமா?

(ஆலங்குளம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

வெளிநாட்டிலும் வெளியூரிலும் பணிபுரியும் நம் மஹல்லாவாசிகள் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றனர். பொதுக்குழுவிலும் செயற்குழுவிலும் கணினித் திரை வழியாகத் தாங்கள் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. சந்தா அனுப்புகிறோம், பள்ளிவாசல் விரிவாக்கத்திற்குப் பங்களிக்கிறோம், ஆனால் ஆலோசனையில் எங்களுக்கு இடமில்லையே என்பது அவர்களின் ஆதங்கம். அதே வேளையில், திரையில் பேசுவது பேச்சாகுமா, அங்கே எடுக்கும் முடிவு முடிவாகுமா என்று ஊரிலுள்ள பெரியோர் சிலர் வினவுகின்றனர். இரு தரப்பாரின் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. எனவே இது குறித்து மார்க்கத்தின் ஒளியிலும் அனுபவத்தின் ஒளியிலும் சற்றுச் சிந்திப்போம்.

மஷ்வராவின் மாண்பு

திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூறா', அதாவது கலந்தாலோசனை. அதன் 38-ஆம் வசனத்தில் நம்பிக்கையாளர்களின் பண்புகளை அல்லாஹ் கூறும்போது, தொழுகையை நிலைநாட்டுவதற்கும் பொருளைச் செலவிடுவதற்கும் நடுவில் கலந்தாலோசித்தலை வைத்துக் கூறுகின்றான். தொழுகைக்கும் தர்மத்திற்கும் இடையே இடம்பெற்ற ஒரு காரியத்தை வெறும் நிர்வாகச் சடங்காக நாம் எண்ணிவிடலாகாது.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் உஹத் போர் நிகழ்ந்தது. மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே சென்று எதிர்கொள்வோம் என்று இளைஞர் பலர் கூறினர். அவர்களின் கருத்தை ஏற்றே நபியவர்கள் புறப்பட்டார்கள். அப்போரில் பேரிழப்பு நேர்ந்தது. அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம், அத்தோழர்களை மன்னிக்குமாறும், இனியும் அவர்களிடம் ஆலோசனை கேட்குமாறும் நபியவர்களுக்குக் கட்டளையிட்டது. ஒருமுறை முடிவு தவறிப்போனதால் மஷ்வராவின் கதவு அடைக்கப்படவில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

தொலைவில் இருப்பவரையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதற்கு ஹுதைபிய்யா சான்றாக விளங்குகிறது. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் தோழர்கள் அனைவரும் மரத்தடியில் நபியவர்களின் கரம் பற்றி உறுதிமொழி அளித்தனர். அப்போது உஸ்மான் (ரலி) அவர்கள் தூதராக மக்காவுக்குச் சென்றிருந்தார்கள். நபியவர்கள் தம் ஒரு கரத்தை மறு கரத்தின் மீது வைத்து, இது உஸ்மானுக்காக என்று கூறினார்கள். பணியின் நிமித்தம் அங்கு இல்லாதவர் அந்தச் சிறப்பை இழந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்! ஜித்தாவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் படித்தபோது இந்நிகழ்ச்சியே நம் நினைவுக்கு வந்தது.

திரை வந்த வரலாறு

இக்கருவி திடீரென வானத்திலிருந்து இறங்கியதன்று. 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. காட்சிக்கு வைத்தது. கட்டணம் மிக அதிகமாக இருந்ததால் மக்கள் அதை ஏற்கவில்லை. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் சான்பிரான்சிஸ்கோ நகர மேடையில் அமர்ந்துகொண்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் சக பணியாளரைக் கணினித் திரையில் கண்டு, இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்த்தவாறு பணி செய்து காட்டினார். இன்று நாம் காணும் திரைவழிக் கூட்டத்தின் விதை அதுவே. 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகம் சாதாரண மேசைக் கணினியில் பலர் முகம் பார்த்துப் பேசும் மென்பொருளை உருவாக்கியது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நெட்மீட்டிங் வந்தது. 2003-இல் ஸ்கைப் வந்து, 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2011-இல் தொடங்கப்பெற்ற ஜூம் நிறுவனம் 2013-இல் தன் சேவையை வெளியிட்டது.

நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. வளைகுடா சென்றவர்கள் முதலில் கடிதம் எழுதினர். பின்னர் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊர் வருபவரிடம் கொடுத்தனுப்பினர். எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று ஓரிரு நிமிடம் பேசிய தாய்மார்கள் நம்மிடையே இருக்கின்றனர். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரௌசிங் சென்டரில் அமர்ந்து, யாஹூ மெசஞ்சரில் தெளிவற்ற உருவமாகத் தெரிந்த மகனைப் பார்த்துக் கண்கலங்கிய தந்தையரும் உண்டு. பாசத்திற்காகப் பயன்பட்ட அக்கருவியை இப்போது நாம் பொறுப்பிற்காகப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறோம். பாசத்தில் ஒரு சொல் விடுபட்டால் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். பொறுப்பில் ஒரு சொல் விடுபட்டால் ஒருவரின் உரிமை பறிபோகக்கூடும். அதற்கு நம் வாழ்விலேயே நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் செய்த பிழை

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டன. தீப்பெட்டி ஆலைகளும் பட்டாசு ஆலைகளும் மூடப்பட்டன. அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பெரிவது அரிதாயிற்று. அவ்வேளையில் இவ்வட்டாரத்து மஹல்லாக்கள் சிலவற்றைச் சேர்ந்தோர் நிவாரணக் குழு ஒன்றை அமைத்தனர். ஒருவரையொருவர் நேரில் சந்திக்க இயலாத நிலையில், ரமளானுக்கு முன்னர் ஓர் இரவு திரைவழியே கூடினோம். தலைமை ஏற்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பைகளை எந்தெந்த வீடுகளுக்குக் கொடுப்பது என்பதே பொருள்.

கட்டணமில்லாச் சேவையில் 40 நிமிடத்திற்குமேல் கூட்டம் நடத்த இயலாது. நேரம் முடியப்போகிறது என்ற அவசரத்தில் பட்டியலை விரைந்து வாசித்தோம். "யாருக்கேனும் மறுப்பு உண்டா?" என்று மூன்று முறை கேட்டோம். எவரும் பேசவில்லை. "மௌனம் சம்மதம்" என்று சிரித்துக்கொண்டே கூறிப் பட்டியலை முடித்துவிட்டோம்.

பத்து நாட்கள் கழிந்தபின் ஒரு பெரியவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேத்தியின் கைபேசியில் அன்று கலந்துகொண்டவர் அவர். "ஹஜ்ரத், அந்தப் பட்டாசு வேலைக்குப் போகிற பிள்ளை, புருஷனை இழந்தவள், மூன்று குழந்தைகள். அவள் பெயரை அன்றைக்கு நான் மூன்று தடவை சொன்னேன். உங்கள் முகம் மாறவே இல்லை. பெரியவர்கள் ஏதோ காரணமாக ஒதுக்குகிறார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்" என்றார்.

நாம் நிலைகுலைந்தோம். அவருடைய ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார், நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆனால் கேட்கவில்லை. அச்சகோதரியின் வீட்டுக்கு உடனே சென்றோம். அந்தப் பத்து நாட்களும் பக்கத்து வீட்டு இந்து சகோதரி ஒருவர் தம் பானையிலிருந்து பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறு நிரப்புபவன் முழுமையான நம்பிக்கையாளன் அல்லன் என்ற நபிமொழியை எத்தனை ஜும்ஆவில் நாம் எடுத்துரைத்திருப்போம்! அந்த மேடையில் நின்றவர் நாம். அதன்படி நடந்தவர் அவர்.

அச்சகோதரி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "என் பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன், ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

மௌனத்தின் சட்டம்

மதரஸாவில் ஃபிக்ஹ் விதிகளை ஓதும்போது, பேசாதிருப்பவரின் மீது ஒரு கருத்தைச் சார்த்தக் கூடாது என்ற விதியைப் படித்திருந்தோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கூற்றாக அறியப்படும் இவ்விதி, உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான 'மஜல்லா'வில் 67-ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது. பேசியே தீரவேண்டிய இடத்தில் ஒருவர் பேசாதிருந்தால் அது விளக்கமாகக் கொள்ளப்படும் என்ற விதிவிலக்கும் அதனுடன் உண்டு. கன்னிப் பெண்ணின் மௌனம் நிக்காஹ்வில் சம்மதமாகக் கொள்ளப்படுவது இத்தகையதே. இந்த விதிவிலக்கையே நாம் பொதுவிதியாக்கிப் பழகிவிட்டோம்.

நேரில் கூடும் மஜ்லிஸில் மௌனத்திற்கும் ஒரு முகம் உண்டு. ஒருவர் தலையசைக்கிறார்; ஒருவர் முகஞ்சுளிக்கிறார்; ஒருவர் எழ முயன்று அமர்கிறார். தலைவர் அதைக் கண்டு, "என்ன பாய், ஏதோ சொல்ல வருகிறீர்களே" என்று கேட்டுவிடுவார். திரையில் அவ்வாறன்று. அங்கே மௌனத்திற்குப் பத்துக் காரணங்கள் இருக்கும். ஒலிவாங்கி அணைந்திருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம். இணைப்பு அறுந்து, கடைசியாகத் தெரிந்த முகமே அசையாமல் நின்றிருக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமலும் இருக்கலாம்.

ஒலி தாமதமும் ஒரு காரணம். ஒருவர் பேசிய ஒலி மற்றவரை அடைய ஒரு விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதற்குமேல் தாமதம் கூடக்கூட, இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும், பின் இருவரும் நிறுத்திவிடுவதும் நிகழும். நிறுத்தியவர்களுள் கூச்சமுள்ளவர் மீண்டும் பேசமாட்டார். குரல் ஓங்கியவரே மீண்டும் பேசுவார். ஆகவே திரைவழி மஜ்லிஸில் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளவே கூடாது என்பது நம் உறுதியான கருத்தாகும்.

மார்க்க அறிஞர்களும் நாட்டுச் சட்டமும்

இக்கருவிகள் குறித்து உலமாக்கள் முன்பே ஆய்ந்திருக்கின்றனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1990 மார்ச் மாதம் ஜித்தாவில் கூடி, தொலைபேசி, டெலக்ஸ், கணினி போன்ற நவீனத் தொடர்புச் சாதனங்கள் வழியே செய்யப்படும் ஒப்பந்தங்கள் குறித்துத் தன் 52-ஆம் தீர்மானத்தை இயற்றியது. தொலைவிலுள்ள இருவர் ஒரே நேரத்தில் இவ்வாறு பேசிக்கொண்டால், அதை நேரில் இருக்கும் இருவரின் ஒப்பந்தமாகக் கருதலாம் என்று அது கூறியது. ஆயின், சாட்சிகள் தேவை என்பதால் நிக்காஹ்வையும், கைக்குக் கை மாறவேண்டும் என்பதால் நாணய மாற்றையும், தொகையை முன்னரே கொடுக்கவேண்டும் என்பதால் 'ஸலம்' வணிகத்தையும் அது விலக்கி வைத்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. சொல்லும் கருத்தும் போதுமான காரியம் திரைவழியே நடைபெறலாம். உடலும் இடமும் கண்கூடான சாட்சியும் தேவைப்படும் காரியம் நேரிலேயே நடைபெற வேண்டும். திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றி வீட்டில் ஜமாஅத்தாகத் தொழுவது கூடாது என்று பெரும்பான்மை உலமாக்கள் 2020-இல் கூறியதும் இதனாலேயே. நிக்காஹ்வுக்கோ வேறு வழி இருக்கிறது. அபிசீனியாவில் இருந்த உம்மு ஹபீபா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மணமுடித்து வைத்தவர் அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி என்பது வரலாறு. வெளிநாட்டிலுள்ள மணமகன் வக்கீலை நியமித்தால், வக்கீலும் வலியும் சாட்சிகளும் ஒரே மஜ்லிஸில் இருக்க, நிக்காஹ் நிறைவேறும்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் நடந்திருக்கிறது. 'முன்னிலை' என்ற சொல் உடலளவில் ஒரே அறையில் இருப்பதை மட்டும் குறிக்காது என்று விளக்கி, காணொளிக் காட்சி வழியே சாட்சியம் பதிவதை உச்ச நீதிமன்றம் 2003-இல் ஏற்றது. 2020 ஏப்ரல் 6 அன்று, நீதிமன்றங்கள் காணொளி வழியே இயங்குவதற்கான நெறிகளை அது வகுத்தது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், இயக்குநர்கள் காணொளி வழியே கூட்டத்தில் கலந்துகொள்ள வழி செய்கிறது. அதன்கீழ் 2014-இல் வகுக்கப்பட்ட விதிகளைப் படித்தபோது நாம் வியந்தோம். கூட்டம் தொடங்குமுன் தலைவர் ஒவ்வொருவரின் பெயரையும் அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் தம் பெயர், இருக்கும் இடம், கூட்டப் பொருள் தமக்குக் கிடைத்ததா, வேறு எவரேனும் தம்முடன் இருந்து கேட்கிறார்களா என்பதைச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பின் வரைவு அனைவருக்கும் அனுப்பப்பட வேண்டும். கிடைத்த 7 நாட்களுக்குள் அவர்கள் திருத்தம் கூறலாம். இலாபத்திற்காகக் கூடும் நிறுவனங்களே இவ்வளவு பேணுதலாக இருக்கும்போது, இறைவனின் இல்லத்தைப் பராமரிக்கக் கூடும் நாம் எவ்வளவு பேணுதலாக இருக்கவேண்டும்?

கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள்

அன்பிற்கினிய சகோதரர்களே! இக்கருவிக்கான ஒழுக்கங்களை நாம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. நபிவழியில் அவை முன்பே இருக்கின்றன.

முதலாவது, அனுமதி பெறுதல். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் கூறுமாறு அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. மும்முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. திரைவழிக் கூட்டத்தில் காத்திருப்பு அறை என்ற வசதி உண்டு. தலைவர் பார்த்து அனுமதித்த பின்னரே ஒருவர் உள்ளே வரமுடியும். 2020-இல் கதவைத் திறந்து வைத்த கூட்டங்களில் அந்நியர் நுழைந்து ஆபாசமும் அவதூறும் பரப்பினர். அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விடுத்து, கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் வைக்குமாறு அறிவுறுத்தியது.

இரண்டாவது, பெயரை வெளிப்படுத்துதல். ஜாபிர் (ரலி) அவர்கள் நபியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, யார் என்று கேட்கப்பட்டது. "நான்" என்றார் அவர். அவ்வாறு பதிலளித்ததை நபியவர்கள் விரும்பவில்லை. இன்று திரையைப் பார்த்தால் 'ரெட்மி' என்றும் 'கேலக்ஸி' என்றும் பெயர்கள் நிற்கின்றன! கைபேசிக்கு ஜமாஅத்தில் சந்தா இல்லை. தகப்பனார் பெயருடன் தம் பெயரைப் பதியாதவரை உள்ளே அனுமதிக்கலாகாது.

மூன்றாவது, பார்வையைப் பேணுதல். அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபியவர்கள் கூறியுள்ளார்கள். நம் திரையில் பிறர் வீட்டு உள்ளறை தெரிகிறது. பெண்மக்கள் நடமாடும் இடத்தை விட்டு, சுவர் ஒன்றைப் பின்னணியாக்கி அமர்வது கடமை.

நான்காவது, இரகசியம் பேசாமை. மூவர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் தனித்துப் பேசுவதை நபியவர்கள் தடுத்தார்கள். அது அவரை வருத்தும் என்பது காரணம். கூட்டம் நடக்கும்போதே இருவர் மட்டும் எழுத்தில் உரையாடிக்கொள்ளும் வசதி இக்கருவியில் உண்டு. அதை நம் கூட்டங்களில் மூடிவைக்க வேண்டும்.

ஐந்தாவது, அமானத். மஜ்லிஸில் பேசப்படுவது அமானிதமாகும் என்பது நபிமொழி. ஒருவரின் கடன், ஒரு குடும்பத்தின் வறுமை, ஒரு தம்பதியரின் பிணக்கு ஆகியன நம் கூட்டங்களில் பேசப்படுகின்றன. அவற்றைத் திருட்டுத்தனமாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் பரப்புவது மோசடியாகும். பதிவு தேவையெனில் தலைவர் அறிவித்துவிட்டுச் செய்யட்டும். அது செயலாளரின் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும்.

ஆறாவது, முழுமையாக முகம் திருப்புதல். எவரேனும் பேசினால் நபியவர்கள் தலையை மட்டும் திருப்பாமல் முழுவதுமாக அவர் பக்கம் திரும்புவார்கள். திரையை ஒரு மூலையில் ஓடவிட்டுக் கடையில் வியாபாரம் பார்ப்பதும், வாகனம் ஓட்டுவதும் மஷ்வரா ஆகா. இணைப்பு நலிவுற்றால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குரலுக்குத் தேவைப்படும் இணைய வேகம் மிகக் குறைவு. நம் வட்டாரத்திற்கு இதுவே ஏற்றது.

ஏழாவது, பெயர் சொல்லிக் கேட்டல். யாருக்கேனும் மறுப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அவருடைய கருத்தைக் கேட்க வேண்டும். பதில் வராவிடில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அப்போதும் கிடைக்காவிடில், 'கருத்து பெறப்படவில்லை' என்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'சம்மதித்தார்' என்று எழுதக் கூடாது. ஒரு நூறு பெயரை அழைக்க அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி நேரம் வீணன்று.

யார் விடுபடுகிறார்?

இன்னொரு செய்தியையும் கூற வேண்டும். திரை தொலைவிலுள்ளவரை அருகில் கொண்டுவருகிறது. அருகிலுள்ளவரைத் தொலைவில் தள்ளவும் செய்கிறது. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஒரு சிறு தீப்பொறியும் உயிரைக் குடிக்கும் இடம் அது. பகலில் கூட்டம் வைத்தால் அங்கே பணிபுரிபவர் கலந்துகொள்ள இயலாது. கைபேசியே இல்லாத முதியவர் இருக்கிறார். ஒரே கைபேசியைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்துவிட்ட தாய் இருக்கிறார். வளைகுடாவிலிருந்து பேசுபவரின் குரல் தெளிவாகவும், அடுத்த தெருவிலிருந்து பேசுபவரின் குரல் அறுந்தும் வந்தால், பணம் உள்ளவரின் சொல்லே தீர்மானமாகிவிடும். நாளடைவில் ஜமாஅத் இரண்டாகப் பிளவுபடும்.

எனவே நாம் நிர்வாகத்திற்கு முன்வைக்கும் யோசனை இதுவாகும். ஊரில் இருப்பவர்கள் எப்போதும் போல் பள்ளிவாசல் கூடத்திலேயே கூடட்டும். அங்கே ஒரு பெரிய திரையும் கைக்குக் கை மாறும் ஒலிவாங்கியும் இருக்கட்டும். வெளியூரில் இருப்பவர்கள் மட்டும் அத்திரை வழியே வரட்டும். மதரஸா அறையில் பெண்களுக்கும் தனியே திரை வைத்து, அவர்களுடைய கருத்தையும் கேட்கட்டும். ஹுதைபிய்யாவில் தோழர்கள் திகைத்து நின்றபோது உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கூறிய ஆலோசனையே நபியவர்களுக்கு வழியாயிற்று என்பதை மறந்துவிடலாகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, இஷாவுக்குப் பின் இரவு 9 மணி பொருத்தமாகும். அப்போது சவூதியில் மாலை 6.30, துபாயில் இரவு 7.30. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 11.30 ஆகிவிடும் என்பதால் அங்குள்ளோரை முதலில் பேச அழைக்கலாம்.

கணக்கு வாசித்தல், ஆலோசனை கேட்டல், பைத்துல்மால் உதவி, கல்வி உதவி ஆகியவற்றைத் திரைவழியே பேசலாம். நிர்வாகத் தேர்தல், வக்ஃபு சொத்து ஆகியவற்றில் திரைவழி வாக்கை ஏற்பதாயின், முதலில் வழக்கறிஞரிடம் கலந்து நம் விதிமுறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி பிணக்குகளையோ நேரிலேயே விசாரிக்க வேண்டும். திரையில் ஒரு பெண் "எனக்குச் சம்மதம்" என்று சொல்லும்போது, கேமராவுக்குப் பின்னால் நின்று அவளை மிரட்டுபவர் யார் என்பதை நாம் காணமுடியாது.

இறுதியாக ஒன்று. கவ்லா (ரலி) என்ற பெண்மணி தம் கணவரைப் பற்றி நபியவர்களிடம் முறையிட வந்தார். அதே வீட்டின் ஓர் ஓரத்தில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்கள், அப்பெண்ணின் பேச்சில் சில தமக்கே கேட்கவில்லை என்று பின்னர் கூறினார்கள். ஒரே வீட்டில் இருந்தவருக்கும் கேட்காத அக்குரலை, ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான். அம்முறையீட்டுக்காகவே அல்முஜாதலா அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கியது.

நம் திரையில் ஒருவரின் ஒலிவாங்கி அணைந்திருக்கலாம். அவர் பேசுவது நமக்குக் கேட்காமல் போகலாம். அல்லாஹ்வுக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுமையில், கேட்கவில்லை என்று நாம் சொன்னால், கேட்டுப் பார்த்தாயா என்று வினவப்படுமே என்ற அச்சத்துடன்தான் இவ்வுரையை ஆற்றினோம். அந்தப் பெரியவரிடமும் அச்சகோதரியிடமும் அன்றே நாம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் அப்பிழையை ஏற்றுக்கொள்கிறோம். நம் ஜமாஅத்தின் குறிப்பேட்டில் இனி எவருடைய மௌனமும் சம்மதமாக எழுதப்படாதிருக்கட்டும்.

தொலைவில் இருப்போரையும் அருகில் இருப்போரையும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களைப் போன்று ஒன்றுபடுத்தி, நம் மஷ்வராக்களில் பரக்கத் செய்து, பேச இயலாதவரின் குரலையும் கேட்கும் செவியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.